பத்துமலைக்கு வயது என்ன? காலடி நிலத்தைப் படிக்கச் சொல்லித்தரும் நூல்கள்

பத்துமலையின் 272 படிகளை ஒருமுறையாவது ஏறி இறங்காத தமிழ் மாணவரைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் காண்பது அரிது. தைப்பூசத்தில் பால்குடம் சுமந்திருப்போம். இல்லையென்றால் காவடிக்குப் பின்னால் வியர்க்க வியர்க்க நடந்திருப்போம். படிகள் எத்தனை என்று கேட்டால் சட்டெனப் பதில் வரும். மலைக்கு வயது என்ன என்று கேட்டால்?

அந்த மலையின் சுண்ணாம்புக்கல் 40 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அது உருவானபோது அங்கே மலை இல்லை, கடல் இருந்தது. கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் சுண்ணச் சேறும் அடியில் படிந்து, அழுந்தி, இறுகிக் கல்லாயின. நெடுங்காலத்துக்குப் பின் நிலம் உயர்ந்தது. மழைநீர் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் குகைகளைக் குடைந்தது. நாம் முருகனைக் கும்பிடும் குகையின் கூரை ஒரு காலத்தில் கடலின் தரை.

இதைப் படித்ததும் "40 கோடி ஆண்டு என்று எப்படித் தெரியும்? யார் போய்ப் பார்த்தது?" என்று உங்களுக்குத் தோன்றினால் மிக நல்லது. ஒரு பெரிய அறிவியல் துறையே இந்தக் கேள்வியில் பிறந்ததுதான். பள்ளியில் நாம் படிக்கும் புவியியல் வேறு. பாறை, மண், எரிமலை, நிலநடுக்கம், பூமியின் வயது ஆகியவற்றை ஆராயும் இத்துறை நிலவியல். எஸ்பிஎம் தேர்வில் இது தனிப் பாடமாக இல்லாததால், இப்படியொரு படிப்பு இருப்பதே பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை. ஆனால் இத்துறையைப் பற்றிப் பொதுவாசகருக்காக எழுதப்பட்ட அருமையான நூல்கள் பல உண்டு. பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளவை. அவற்றில் சிலவற்றை, நாம் அன்றாடம் நடமாடும் இடங்களோடு சேர்த்து இங்கே பார்ப்போம்.

ஒரு கூழாங்கல்லில் தொடங்கலாம்

முதன்முதலாக நிலவியல் படிப்பவருக்கு ஏற்ற நூல், இங்கிலாந்து நிலவியலாளர் யான் ஸலாசிவிச் 2010-இல் வெளியிட்ட 'தி பிளானட் இன் எ பெபல்'. வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் கிடக்கும் ஒரு சாதாரணக் கூழாங்கல்லைக் கையில் எடுத்துக்கொள்கிறார் ஆசிரியர். அதிலுள்ள அணுக்கள் எங்கிருந்து வந்தன, எந்தக் கடலில் அது சேறாக இருந்தது, எந்த மலை எழும்பியபோது அது நசுங்கியது என்று அந்த ஒரே கல்லை வைத்து முழு நூலையும் எழுதிவிடுகிறார்.

இதே முறையை நாம் இங்கே செய்து பார்க்கலாம். தாமான் மெலாவத்தி பக்கம் போனால், வெள்ளைச் சுவர்போல் நீண்டு நிற்கும் ஒரு மலைத்தொடர் தெரியும். அதுதான் கிள்ளான் கேட்ஸ் முகடு. மலையேறிகள் புக்கிட் தாபோர் என்பார்கள். 14 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளமுள்ள இந்த முகடு குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல்லால் ஆனது. நிலத்தடியில் ஏற்பட்ட பெரும் விரிசல் வழியே கொதிநீர் ஏறி, அதில் கரைந்திருந்த சிலிக்கா படிந்து படிந்து உருவான கல் இது. சுற்றியிருந்த மென்மையான பாறை தேய்ந்து போக, கடினமான இது மட்டும் எஞ்சி நிற்கிறது.

அந்தப் பகுதியிலும் நம் நாட்டின் நடுமலைத் தொடரிலும் பரந்து கிடப்பது கிரானைட். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், இரண்டு நிலத்துண்டுகள் மோதி ஒட்டிக்கொண்ட காலத்தில் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகியதால் வந்தது. அந்தக் குழம்போடு வந்ததுதான் ஈயத்தாது. மழையும் ஆறும் கிரானைட்டை அரித்தபோது, கனமான ஈயத்தாது அடித்து வரப்பட்டுப் பள்ளத்தாக்கின் அடியில், மேடுபள்ளமான சுண்ணாம்புப் பாறைமேல் தங்கியது.

அதன்பின் நடந்தது நமக்குத் தெரிந்த வரலாறு. 1857-இல் கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே மேலேறி, அம்பாங் பக்கம் ஈயம் தேடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலேரியாவுக்குப் பலியானார்கள். ஆனாலும் ஊர் வளர்ந்தது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல, 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. ரயில் பாதையில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நம் முன்னோர் வந்தார்கள். ரயில்வே குடியிருப்புகள் பிரிக்பீல்ட்ஸில் எழுந்தன.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே மண்ணின் பெயர்தான். 1881-இல் கோலாலம்பூர் ஒரே ஆண்டில் தீயாலும் வெள்ளத்தாலும் நாசமானது. மரமும் அத்தாப்பும் போதாது, செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுங்கள் என்று அடுத்து வந்த ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹம் வலியுறுத்தினார். செங்கல்லுக்கு ஏற்ற களிமண் இருந்த இடத்தில் சூளைகள் எழுந்தன. ஊருக்கு அதுவே பெயராகிவிட்டது. 20 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறைக்குழம்புக்கும், இன்று பிரிக்பீல்ட்ஸ் தெருவில் வாழையிலைச் சாப்பாடு கிடைப்பதற்கும் இடையே இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது!

வாய்க்கால் வெட்டியவர் வரைந்த வரைபடம்

அடுத்த நூல் சைமன் வின்செஸ்டர் 2001-இல் எழுதிய 'தி மேப் தட் சேஞ்ச்டு தி வேர்ல்ட்'. ஆசிரியர் ஆக்ஸ்போர்டில் நிலவியல் படித்துவிட்டுப் பத்திரிகையாளரானவர். அவர் சொல்வது வில்லியம் ஸ்மித்தின் கதை.

1769-இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் ஸ்மித். எட்டு வயதில் தந்தையை இழந்தார். பல்கலைக்கழகப் படியை மிதிக்கவில்லை. நிலம் அளக்கும் வேலை கற்று, நிலக்கரிச் சுரங்கங்களிலும் வாய்க்கால் வெட்டும் இடங்களிலும் பணிபுரிந்தார். அங்கே தோண்டிய பக்கமெல்லாம் பாறை அடுக்குகள் ஒரே வரிசையில் வருவதைக் கவனித்தார். ஒவ்வோர் அடுக்குக்கும் தனக்கே உரிய புதைபடிவங்கள் இருந்தன. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு அடுக்குகளையும், உள்ளே இருக்கும் சங்குகளையும் ஓடுகளையும் வைத்துப் பிரித்துச் சொல்லிவிடலாம் என்று கண்டுகொண்டார்.

ஆண்டுக்கணக்கில் நாடெங்கும் சுற்றி, 1815-இல் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை ஏறத்தாழத் தனியொருவராக வெளியிட்டார். ஆனால் லண்டனின் கனவான்கள் அவரைத் தங்கள் சங்கத்தில் சேர்க்கவில்லை. அவருடைய வேலையைப் பயன்படுத்திப் போட்டியாக ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். 1819-இல் கடனுக்காக ஸ்மித் சிறைக்குப் போனார். 1831-இல்தான் அதே சங்கம் தன் முதல் வொல்லஸ்டன் பதக்கத்தை அவருக்கு அளித்தது. தோட்டத்திலும் லயத்திலும் பிறந்து படித்து மேலே வந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு ஸ்மித்தின் கதை அந்நியமாகத் தோன்றாது.

முதலில் எழுந்த கேள்விக்கும் இங்கே ஒரு விடை கிடைக்கிறது. பத்துமலை வட்டாரச் சுண்ணாம்புக்கல்லின் வயதைச் சொல்ல உதவியவை, அந்தப் பாறையில் கிடைத்த கடல் உயிரினங்களின் புதைபடிவங்களே. ஸ்மித் காட்டிய வழி அதுதான். பின்னர் வந்த கதிரியக்க முறைகள் அந்த அடுக்குகளுக்கு ஆண்டுக் கணக்கைச் சேர்த்தன.

நிலத்தடி வரைபடம் இல்லாமல் கோலாலம்பூரில் ஓர் உயர்ந்த கட்டடம்கூட எழ முடியாது. பத்துமலையில் வெளியே தெரியும் சுண்ணாம்புக்கல், நகரின் பல பகுதிகளில் மண்ணுக்கடியில் மறைந்து கிடக்கிறது. அதில் கூர்முனைகளும் செங்குத்துப் பள்ளங்களும் குகைகளும் உண்டு. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் கட்டத் திட்டமிட்டபோது, முதலில் குறித்த இடத்தின் ஒரு பகுதிக்குக் கீழே இப்படி ஒரு பாறைச் சரிவு இருப்பது மண் ஆய்வில் தெரியவந்தது. ஒரு பக்கம் உறுதியாகவும் மறுபக்கம் இளக்கமாகவும் இருக்கும் நிலத்தில் அவ்வளவு எடையை ஏற்ற முடியாது. எனவே கோபுரங்களின் இடமே சுமார் 60 மீட்டர் தள்ளி மாற்றப்பட்டது. அடித்தளத் தூண்கள் 100 மீட்டருக்கும் ஆழமாக இறக்கப்பட்டன. உலகம் அண்ணாந்து பார்த்த கட்டடத்தின் இடத்தை முடிவு செய்தது, யாரும் பார்க்காத ஒரு பாறை.

2024 ஆகஸ்ட் 23-இல் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திடீரென உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி அதில் விழுந்தார். பல நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. கழிவுநீர்க் குழாயா, நிலத்தடி நீரோட்டமா, சுண்ணாம்புப் பாறையா என்று பலவிதமாகப் பேசப்பட்டது. அந்த விவாதத்தைப் புரிந்துகொண்டு கேட்பதற்குக்கூட நம் காலடியில் என்ன இருக்கிறது என்ற அடிப்படை அறிவு வேண்டியிருக்கிறது.

1883: உலகமே கேட்ட வெடிச்சத்தம்

எரிமலை பற்றிய நூல்களில் பரவலாகப் படிக்கப்பட்டது, அதே வின்செஸ்டர் 2003-இல் எழுதிய 'கிரக்கத்தோவா'. ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே சுண்டா நீரிணையில் இருந்த கிரக்கத்தோவா எரிமலை 1883 ஆகஸ்ட் 27 காலை வெடித்துச் சிதறியது. இந்தியப் பெருங்கடலில் சுமார் 4,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரொட்ரீகஸ் தீவில் அந்தச் சத்தம் பீரங்கிச் சத்தம்போல் கேட்டது. எழும்பிய ஆழிப்பேரலைகளே பெரும் உயிர்ச்சேதத்துக்குக் காரணம். இறந்தோர் 36,000-க்கும் மேல். காற்றழுத்த அலை உலகைப் பலமுறை சுற்றியதை வெவ்வேறு நாடுகளின் கருவிகள் பதிவு செய்தன.

தந்திக் கம்பிகள் கடலடியில் போடப்பட்டிருந்த காலம் அது. வெடிப்புச் செய்தி விரைவில் உலகின் மறுகோடிக்குப் போய்விட்டது. உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரு பேரிடரைப் பற்றிப் பேசியது அநேகமாக அப்போதுதான் என்பது வின்செஸ்டரின் வாதம். அந்த வெடிப்பு ஜாவாவின் அரசியலிலும் எதிரொலித்தது என்று அவர் எழுதுவதை எல்லாரும் ஏற்பதில்லை. நல்ல நூலிலும் எது சான்று, எது ஆசிரியரின் ஊகம் என்று பிரித்துப் படிக்கப் பழகவேண்டும். அதற்கு இது நல்ல பயிற்சி நூல்.

1883-ஐ ஒரு பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. அழிந்த எரிமலையின் இடத்தில் 1927-இல் கடலுக்குமேல் தலைகாட்டியது 'அனாக் கிரக்கத்தோவா', அதாவது கிரக்கத்தோவாவின் பிள்ளை. 2018 டிசம்பர் 22 இரவு அதன் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்ததில் எழுந்த அலைகள் 400-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன.

அம்பாங்கில் விழுந்த சாம்பல்

"நம் நாட்டில்தான் எரிமலை இல்லையே" என்று நிம்மதியாகச் சொல்பவர்களுக்காக ஒரு செய்தி. கோலாலம்பூரிலிருந்து 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில், நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில், தோபா ஏரி இருக்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் உள்ள தூரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிக நீளம். அது ஓர் எரிமலையின் வாய். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்த வெடிப்பில் வெளிவந்த பொருள், பாறைக் கணக்கில் ஏறத்தாழ 2,800 கன கிலோமீட்டர். அதற்கு முன்னால் கிரக்கத்தோவா ஓர் ஊசிப் பட்டாசு.

அந்தச் சாம்பல் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கில் கிடைக்கிறது. கோலாலம்பூருக்குப் பக்கத்தில் அம்பாங்கிலும் கிடைத்திருக்கிறது. லெங்கோங்கில் உள்ள கோத்தா தம்பானில், சாம்பலின் அடியில் ஒரு கற்கருவிப் பட்டறை புதைந்து கிடந்தது. உடைத்த கல், செதுக்கிய கல், பாதியில் விட்ட கருவி எல்லாம் அங்கங்கே கிடந்தன. 1980களில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஸுரைனா மஜித் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. 2012-இல் லெங்கோங் பள்ளத்தாக்கு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மலாயாவின் முதல் அரசாங்க நிலவியலாளர் ஸ்கிரிவனர் 1930-லேயே பேராக் சாம்பலைப் பற்றி எழுதினார். 1970களில் செய்த ஆய்வு அதன் வயதைச் சுமார் 30,000 ஆண்டுகள் என்றது. பின்னர் மேம்பட்ட முறைகள் வந்தன. வயது 74,000 ஆண்டுகள் என்று திருத்தப்பட்டது. கோத்தா தம்பான் மக்களின் காலமும் அதோடு சேர்ந்து பின்னுக்குப் போனது. அறிவியல் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்கிறதே என்று சிலர் குறைப்படுவார்கள். ஆனால் சான்று மாறினால் முடிவையும் மாற்றிக்கொள்ளும் நேர்மையில்தான் அதன் பலம் இருக்கிறது.

தோபாவைப் பற்றி மேலும் அறிய, கேம்பிரிட்ஜ் எரிமலை ஆய்வாளர் கிளைவ் ஒப்பன்ஹைமர் 2011-இல் எழுதிய 'இரப்ஷன்ஸ் தட் ஷுக் தி வேர்ல்ட்' நூலைப் படிக்கலாம். தோபா வெடிப்பால் மனித இனமே அழிவின் விளிம்புக்குப் போனது என்று 1990களில் ஒரு கருத்து பிரபலமானது. ஆனால் ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் நடந்த அகழாய்வில், தோபா சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் ஒத்த வகைக் கற்கருவிகள் கிடைத்தன. 2007-இல் வெளியான அந்த முடிவு, அங்கிருந்த மக்கள் பேரிடரைத் தாண்டி வாழ்ந்திருக்கலாம் என்று காட்டியது. இத்தகைய எதிரெதிர் வாதங்களை ஒப்பன்ஹைமர் பொறுமையாக எடைபோட்டுக் காட்டுகிறார். நூல் சற்றுக் கனமானது. உயர்கல்வி மாணவர்களுக்கு ஏற்றது.

லெமூரியா எங்கே போனது?

தமிழர்களாகிய நமக்கும் நிலவியலுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. லெமூரியா என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழ் மாணவர் குறைவு. குமரிக்கண்டமும் லெமூரியாவும் ஒன்றே, அது கடலில் மூழ்கிவிட்டது என்று மேடைகளிலும் காணொளிகளிலும் கேட்டிருப்போம். லெமூரியா என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

1864-இல் பிலிப் ஸ்கிலேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் வைத்த பெயர் அது. லெமூர் என்ற சிறு விலங்கினம் மடகாஸ்கரில் மிகுதி. அதன் உறவினங்கள் இந்தியாவிலும் உண்டு. நடுவில் கடல் இருக்க, இவை எப்படி இரு பக்கமும் வந்தன? முன்பு நடுவே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். அன்றைய அறிவுக்கு அது நியாயமான ஊகம். அதன்பின் தமிழறிஞர்கள் சிலர், கடல்கோள் பற்றி நம் இலக்கியங்களும் உரைகளும் சொல்வதை இந்தக் கருத்தோடு இணைத்தார்கள். இந்தக் கதை ஐரோப்பாவிலிருந்து தமிழகம் வந்து சேர்ந்த வழியை வரலாற்றாசிரியர் சுமதி ராமசாமி 'தி லாஸ்ட் லேண்ட் ஆப் லெமூரியா' என்ற நூலில் 2004-இல் விரிவாக எழுதியிருக்கிறார்.

இதற்கிடையில் நிலவியல் வேறு பாதையில் போனது. 1912-இல் ஜெர்மானியரான ஆல்பிரட் வெகனர், கண்டங்கள் மூழ்கவில்லை, நகர்ந்தன என்றார். பலர் சிரித்தார்கள். 1930-இல் கிரீன்லாந்தின் பனியில் அவர் இறந்தபோதும் அவருடைய கருத்து பரவலாக ஏற்கப்படவில்லை. அதை நிமிர்த்தி வைத்தவர்களில் ஒருவர் மேரி தார்ப். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் வேலை செய்த அவரை, பெண் என்பதால் நெடுங்காலம் ஆய்வுக் கப்பலில் ஏற்றவில்லை. ஆண்கள் கடலில் அளந்து வந்த ஆழக் கணக்குகளை மேசையில் வைத்து அவர் படமாக வரைந்தார். அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் ஒரு நீண்ட பிளவு இருப்பதை 1950களின் தொடக்கத்தில் கண்டார். கடலடி விரிகிறது என்பதற்கு அது முக்கியமான தடயமானது. உடன் பணியாற்றியவரே முதலில் அதை நம்பவில்லை. ஹாலி பெல்ட் 2012-இல் எழுதிய 'சவுண்டிங்ஸ்' அவருடைய வாழ்க்கை வரலாறு. அறிவியல் படிக்கும் மாணவிகள் தவறாமல் படிக்கவேண்டிய நூல்.

1960களில் புவித்தட்டுக் கோட்பாடு உறுதிப்பட்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து, மனித இனம் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தன. இரண்டுக்கும் நடுவே மக்கள் வாழ்ந்த ஒரு பெருங்கண்டம் மூழ்கிக் கிடக்க இடமில்லை. லெமூரியா கடலில் மறையவில்லை. அறிவியல் நூல்களிலிருந்து மறைந்தது.

அதனால் நமக்கு நட்டம் ஏதுமில்லை. கிடைத்திருப்பது அதைவிட வியப்பானது. தமிழகத்தின் பாறைகள் கோண்டுவானா என்ற பெருநிலத்தின் பகுதி. அதே பெருநிலத்தின் விளிம்பில்தான் கோலாலம்பூர் அமர்ந்திருக்கும் நிலத்துண்டும் இருந்தது; சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து வடக்கே நகர்ந்தது. எப்படித் தெரியும்? வெப்பமண்டல லங்காவியின் பழைய கடற்சேற்றுப் பாறைகளில், பனிப்பாறைகள் சுமந்து வந்து உருகியபோது நழுவவிட்ட கற்கள் பதிந்திருக்கின்றன. அதே பனிக்காலத்தின் தடயங்கள் இந்தியாவிலும் உள்ளன. நம் தாத்தா பாட்டி கப்பலேறுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்த இரண்டு மண்ணும் ஒரே நிலத்தைச் சேர்ந்தவை.

கடல் நிலத்தைக் கொண்டதும் உண்மை, அளவில்தான் வேறுபாடு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. கிள்ளானிலிருந்து சுமத்ராவுக்கு நடந்தே போயிருக்கலாம்; தமிழகத்திலிருந்து இலங்கைக்கும் அப்படித்தான். பனி உருகக் கடல் ஏறியது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இன்றைவிடச் சில மீட்டர் உயரத்தில் நின்றது. இன்றைய கிள்ளான் சமவெளியில் பெரும்பகுதி அதன்பின் வண்டல் சேர்ந்து உருவானது. இலக்கியம் சொல்லும் கடல்கோளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பதை இலக்கியமும் தொல்லியலும் சேர்ந்து ஆராயவேண்டும். உணர்ச்சியைக் குறைத்துக்கொள்ளாமலே சான்றைக் கேட்கலாம். தமிழ்ப்பற்றுக்கு அது இழுக்காகாது.

உயிர் சம்பந்தப்பட்ட படிப்பு

இவையெல்லாம் பொழுதுபோக்குப் படிப்பு மட்டும்தானா? 1993 டிசம்பர் 11-இல் உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்ககத்தின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். கட்டடத்துக்குப் பின்னாலிருந்த மலைச்சரிவு மழையில் வலுவிழந்து நழுவியது. 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங்காலி அருகே கூடாரமிட்டுத் தங்கியிருந்தவர்கள்மீது மண் சரிந்து 31 பேர் மாண்டார்கள். கிரானைட் மலை நம் வெப்பத்திலும் மழையிலும் பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாகச் சிதைந்துவிடும். மேலே பச்சைப்பசேலென்று மரம் நிற்கும். அடியில் நீர் ஊறிப் பிடிப்பு தளர்ந்திருக்கும். எந்தச் சரிவில் வீடு கட்டலாம், எங்கே கூடாது, நீர் எந்த வழியாக வடியவேண்டும் என்று பார்த்துச் சொல்ல நிலவியலாளர் தேவை.

மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் பட்டப்படிப்பு உண்டு. 2008-ஆம் ஆண்டின் நிலவியலாளர் சட்டப்படி, இத்தொழிலைச் செய்வோர் வாரியத்தில் பதிவு பெறவேண்டும். அரசாங்கத்தின் கனிமவள, புவி அறிவியல் துறை, எண்ணெய் நிறுவனங்கள், சுரங்கப்பாதை மற்றும் கட்டுமானப் பணிகள் எனப் பல இடங்களில் இவர்களுக்கு வேலை உண்டு. மருத்துவம், சட்டம், பொறியியல் தாண்டி யோசிக்கும் மாணவர்கள் இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

எப்படித் தொடங்குவது?

இடைநிலைப்பள்ளி மாணவர்கள் 'தி பிளானட் இன் எ பெபல்' அல்லது 'கிரக்கத்தோவா'வில் தொடங்கலாம். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் போதும். இந்தியத் துணைக்கண்டத்தின் நிலவியலைப் படங்களோடு அறிய விரும்பினால், பிரணய் லால் 2016-இல் எழுதிய 'இண்டிகா' இருக்கிறது. விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்திலோ, ஷா ஆலமில் உள்ள ராஜா துன் ஊடா நூலகத்திலோ, தங்கள் கல்லூரி நூலகத்திலோ கேட்டுப் பார்க்கலாம். நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஆளுக்கொரு நூல் வாங்கி மாற்றிக்கொள்வதும் நல்ல வழி.

படிக்கும்போது ஒரு குறிப்பேட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பது. மறுபக்கம் அதற்கு என்ன சான்று தருகிறார் என்பது. சான்றுப் பக்கம் காலியாக இருந்தால் அங்கே ஒரு கேள்விக்குறி போடுங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால், புலனத்தில் வரும் செய்தியையும் அப்படியே எடைபோடுவீர்கள்.

பிறகு வெளியே வந்து பாருங்கள். கோலாலம்பூருக்கு வடக்கிலும் கிழக்கிலும் உள்ள கோம்பாக், உலு லங்காட் பகுதிகள் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டுள்ளன. பத்துமலையும் கிள்ளான் கேட்ஸ் முகடும் அதில் அடக்கம். முகட்டில் ஏறுவது ஆபத்தானது, அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். கீழே நின்று பார்த்தாலே போதும். ஈப்போ பக்கம் போனால் அங்குள்ள நிலவியல் அருங்காட்சியகத்தை எட்டிப் பாருங்கள். நீர் விளையாட்டுக்குப் பெயர்போன சன்வே லகூன் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கமாக இருந்த இடம் என்பதையும் அடுத்த முறை போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலர் நாளை இந்தப் பள்ளத்தாக்கில்தான் வீடு வாங்கப்போகிறோம். சமையலறை எப்படி, ஹால் எவ்வளவு பெரிது, பக்கத்தில் எல்ஆர்டி இருக்கிறதா என்று கேட்போம். அவற்றோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: இந்த வீட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது? அது உங்களுக்கு எப்படித் தெரியும்?